பேசாமற்போன பொம்மைப் பிராணியை மீண்டும் பேசவைத்தல்: பற்றரி முதல் பற்சில்லு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், கோண்டாவிலில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு, கண்ணை உருட்டிக் காதை ஆட்டிக் கதைக்கும் உரோமப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கார்த்திகை மழை தொடங்கிய கிழமையில் அது இமை பாதி மூடியபடி, வாய் திறந்தபடி நின்றுபோனது. பிள்ளை அதைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, இது செத்துப்போச்சோ?" என்று கேட்டாள். "இல்லையம்மா, நித்திரை கொள்ளுது" என்று சொல்லிவிட்டு வாங்கிப் பார்த்தேன். பற்றரி அறையின் ஒரு மூலையில், சுருள்வில்லின் அடியில், உப்புக்கல் அளவுக்கு ஒரு வெள்ளைப் படிவு பூத்திருந்தது. அதைத் தவிர வேறெந்தப் பழுதும் அதில் இல்லை. அரைமணி நேரத்தில் அது மறுபடியும் கதைக்கத் தொடங்கியது.

அயலிலும் உறவிலும் இப்படி நின்றுபோன பொம்மைகள் பலவற்றை இதுவரை பார்த்திருக்கிறேன். அவற்றுட் பெரும்பாலானவை மின்சாரம் சரியாகப் போய்ச் சேராத காரணத்தாலேயே நின்றிருந்தன. ஆகவே எடுத்த எடுப்பில் ஸ்குறூட்ரைவரைக் கையில் எடுத்து உறையைப் பிரிப்பதைப் போன்ற பிழை வேறில்லை. வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பொம்மையை இயக்கிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பழுது என்பது கடைசிவரை தெரியாமற் போகும், அடுத்த முறையும் இருட்டில் தேடவேண்டி வரும்.

உள்ளே நடப்பது என்ன

இவ்வகைப் பொம்மைகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது 1998 இல் ரைகர் இலெக்ரோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஃபர்பி. டேவ் ஹம்ப்டன், கேலெப் சுங் ஆகிய இருவரும் ஆக்கிய அந்தப் பொம்மை கண், காது, வாய், உடல் என்று பல உறுப்புகளை அசைத்தாலும், அதனுள்ளே இருப்பது ஒரேயொரு மோட்டர்தான். அந்த மோட்டர் பற்சில்லுத் தொடரொன்றின் வழியாக ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டில் கோக்கப்பட்டிருக்கும் சில்லுகள் முழு வட்டமாக இல்லாமல் ஒருபுறம் புடைத்தவை. தண்டு சுழலும்போது அந்தப் புடைப்புகள் முறைவைத்து ஒவ்வோர் உறுப்பையும் தள்ளுகின்றன. தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் போர்ட்டுக்கு (சிப் பொருத்திய மின்சுற்றுப் பலகைக்கு) அறிவிக்கத் தனியாக ஓர் உணரியும் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பழுதை உறையைத் தொடாமலே கண்டுபிடித்துவிடலாம். வாய் மட்டும் அசையவில்லை, மற்றவை அசைகின்றன என்றால் மோட்டரையும் பற்சில்லையும் சந்தேகிக்கத் தேவையில்லை; வாயைத் தள்ளும் சிறு கரம் கழன்றோ இறுகியோ இருக்கிறது. சத்தம் வருகிறது, ஆனால் ஓர் உறுப்பும் அசையவில்லை என்றால் மோட்டரிலோ அதற்கடுத்த முதற் பற்சில்லிலோ தேடவேண்டும். அசைவு இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கர் அல்லது அதன் வயர். சத்தமும் இல்லை, அசைவும் இல்லை என்றால், வேறெதையும் நினைக்கும் முன் பற்றரி. நடக்கும் நாய்க்குட்டி போன்ற சில பொம்மைகளில் 2 அல்லது 3 மோட்டர் இருக்கும். அங்கும் இதே முறையில், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழுதைப்போலத் தோன்றும், ஆனால் பழுதல்லாதவை

புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த பொம்மை ஓரிரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு அடங்கினால், அது கடையில் காட்சிக்கு வைக்கும் நிலையிலேயே இன்னும் இருக்கக்கூடும். பற்றரி மூடிக்கு அருகே மெல்லிய பிளாஸ்ரிக் நாடா ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அதை இழுத்து எடுங்கள். சிறிய வழுக்கும் சுவிச்சு இருந்தால் அது 'பரீட்சித்துப் பார்' என்ற பொருள் தரும் 'Try Me' என்ற ஆங்கிலச் சொல்லின் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள்; நின்றால் மறுபக்கம் தள்ளுங்கள்.

மொழி விடயம் எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்துவது. பாரிசிலிருந்து வந்த பொம்மை பிரெஞ்சிலும், சூரிச்சிலிருந்து வந்தது ஜேர்மனிலும் பேசக்கூடும். குரற் கட்டளையைக் கேட்டு நடக்கும் வகையாக இருந்தால், அது அந்த மொழியில், அதுவும் கையேட்டில் அச்சிட்ட சொற்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். கோண்டாவிற் பிள்ளை "இஞ்ச வா" என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பாராது. இதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தி, கையேட்டிலுள்ள நாலைந்து சொல்லைப் பழக்கிவிட்டாற் போதும்.

இருட்டான, சத்தமில்லாத இடத்தில் பல பொம்மைகள் தாமாகவே நித்திரைக்குப் போகும். எழுப்புவதற்குச் சிலவற்றைச் சரித்து ஆட்டவேண்டும், சிலவற்றின் வயிற்றைத் தடவவேண்டும். மாறாக, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும் அறையில் ஒலியுணரி குழம்பிப் பிள்ளையின் குரலைப் பிரித்தறியாது. இரண்டு பொம்மைகள், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரினால் (இன்ஃப்ரா ரெட்) ஒன்றோடொன்று கதைக்கும் வகையாயின், முற்றத்து வெயிலில் அவை ஒன்றையொன்று காணாமற் போகும், ஏனெனில் வெயிலிலும் அதே கதிர் நிறைந்திருக்கிறது. உள் அறையில், முகத்துக்கு முகம், ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

பற்றரி: முதலும் முக்கியமும்

இந்தப் பகுதியை விரிவாக எழுதுவதற்குக் காரணம், பழுதுபார்க்கச் சொல்லி வருபவர்களுள் அநேகர் "பற்றரி புதுசுதான்" என்று சொல்லிக்கொண்டே வருவதுதான். பற்றரி புதிது என்பதும் பற்றரி போதும் என்பதும் ஒன்றல்ல.

நாங்கள் பென்ரோச் பற்றரி என்று சொல்லும் ஏஏ அளவுப் பற்றரிகளில், சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் மலிவாகக் கிடைப்பவை நாக-காபன் (சிங்க்-காபன்) வகை. ஒரு சுவர் மணிக்கூட்டுக்கோ ரிமோட்டுக்கோ அவை தாராளமாகப் போதும், அவற்றுக்கு வேண்டிய மின்னோட்டம் மிகச் சிறியது. மோட்டரைச் சுழற்றும் பொம்மை ஒரே மூச்சில் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த இழுப்பில் நாக-காபன் பற்றரியின் வோல்ற்றளவு சரிந்து, போர்ட்டில் இருக்கும் சிப் தன் வேலையை இடையில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வெளியே பார்ப்பவருக்கு அது, பொம்மை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகவோ, பாதி அசைந்து விக்கி நிற்பதாகவோ, கறுமுறுவென்று உறுமுவதாகவோ தெரியும். "அதே பற்றரி ரிமோட்டில் வேலை செய்கிறதே" என்பது எதற்கும் சான்றாகாது. உறையில் 'அல்கலைன்' என்று தெளிவாக அச்சிட்ட பற்றரிகளை, காலாவதித் திகதி பார்த்து, ஒரே வகையில், ஒரே நாளில் முழுத் தொகுதியாக வாங்கிப் போடுங்கள்.

மல்ரிமீற்றர் வைத்திருப்பவர்கள் இதை ஐயமின்றி அறியலாம். புதிய அல்கலைன் பற்றரி சும்மா இருக்கும்போது 1.5 இலிருந்து 1.6 வோல்ற் வரை காட்டும், 1.3 இற்குக் கீழே காட்டுவதை மோட்டர்ப் பொம்மைக்குப் போடவேண்டாம். நான்கு பற்றரி தொடராக இருக்கும் பொம்மையில் மொத்தம் 6 வோல்ற் வரவேண்டும். மொத்தம் ஏறக்குறைய 3 வோல்ற் மட்டும் வந்தால், நான்கில் ஒன்று தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது. தட்டையான முனை சுருள்வில்லின் பக்கமும், குமிழ் முனை தட்டைத் தகட்டின் பக்கமும் இருக்கவேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த விடயம் என்றாலும், அவசரத்தில் பெரியவர்களே பிழைவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் பயன்தரும் சோதனை, பொம்மை இயங்கும்போதே மொத்த வோல்ற்றளவைப் பார்ப்பது. மோட்டர் தொடங்கும் கணத்தில் எண் 1 வோல்ற்றுக்கு மேல் சரிந்தால் பற்றரி களைத்திருக்கிறது, அல்லது பற்றரி தொடும் தகடு, வில் ஆகிய தொடுமுனைகளில் தடை இருக்கிறது.

மீள்மின்னேற்றும் பற்றரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்தான், நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ற். சில பொம்மைகள் இதை ஏற்கும், சில ஏற்கா. கையேட்டில் வேண்டாம் என்று போட்டிருந்தால் போடாதீர்கள். புதியதும் பழையதும் கலந்து போடுவது இன்னும் மோசம். பலவீனமானது தீர்ந்த பின்னும் பலமான பற்றரிகள் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளி, அதன் முனைகளைத் தலைகீழாக்கி, அதைக் கசியவைத்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பொருளாதாரத் தடையால் 1990களில் பற்றரி யாழ் குடாநாட்டுக்குள் வராத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஓய்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்துக் கடைசிச் சொட்டுவரை உயிர்ப்பித்த பழக்கமும் அந்தக் காலத்திலிருந்து பல வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அல்கலைன் பற்றரியை வெயிலில் வைக்கவேண்டாம், சேர்ஜரிலும் போடவேண்டாம். அது வெடித்துக் காரநீரைக் கக்கக்கூடும்.

கையடக்கமான சிறு பொம்மைகளில் பொத்தான் வடிவப் பற்றரி இருக்கும். 1996 இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகொச்சியும் இந்த வகைதான். அந்தப் பற்றரியைக் கழற்றும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கக்கூடாது. விழுங்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக் குழாயைச் சுட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தியெடுக்க வைக்காமல், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். மூடியைத் திருகாணியால் இறுக்காமல் அப்படியான பொம்மையைப் பிள்ளையின் கையில் ஒருபோதும் கொடுக்கவேண்டாம்.

தொடுமுனைகளைத் துப்புரவாக்கல்

கடற்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள ஊர் எங்களுடையது. இரும்புச் சாமான் எதையும் கவனியாமல் விட்டாற் கறள் பிடிக்கும்; பற்றரி அறையின் தகடும் வில்லும் அதற்கு விலக்கல்ல. அதோடு பற்றரிக் கசிவும் சேர்ந்தால் மின்சாரம் போகும் வழியே அடைபட்டுவிடும்.

முதலில் கசிந்த பற்றரியின் உறையை வாசியுங்கள், மருந்து அதைப் பொறுத்தது. அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற காரம். அது காற்றுப் பட்டு வெள்ளைப் பூப்போலக் காய்ந்திருக்கும். இதற்குப் புளிப்பு வேண்டும்: வெள்ளை வினாகிரி, அல்லது வடித்தெடுத்த தேசிக்காய்ச் சாறு. நாக-காபன் பற்றரியின் கசிவோ அமிலத்தன்மையுடையது. அதற்கு அப்பச்சோடாவைச் சில துளி நீரிற் குழைத்த பசை வேண்டும். மாறிப் போட்டால் கசிவு அப்படியே தங்கிவிடும்.

இறப்பர்க் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை வினாகிரியில் தொட்டு, விளிம்பில் அழுத்திப் பிழிந்து, சொட்டாத அளவு ஈரத்தோடு படிவின்மேல் வையுங்கள். மெல்லிய சீறலோடு சிறு நுரை எழும்பும். நுரை அடங்கும்வரை காத்திருந்து துடைத்தெடுத்து, புதுக் குச்சியோடு மறுபடி வையுங்கள். இனி நுரை வரவில்லை என்றால் கசிவு தீர்ந்தது. அதன்பின் நீரிற் தொட்ட குச்சியால் ஒருமுறையும், மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அற்ககோலால் ஒருமுறையும் துடைத்து, மூடியைத் திறந்தபடியே ஓர் இரவு காயவிடுங்கள். போத்தலிலிருந்து நேராக ஊற்றவே கூடாது. திரவம் வில்லின் அடித்துளை வழியாகப் போர்ட்டுக்குப் போய்விடும்.

படிவு போனபின் தகடு மங்கலாக இருந்தால் மண்கடதாசியை எடுக்காதீர்கள், அது மேலுள்ள முலாமைச் சுரண்டி அடுத்த மாரிக்குக் கறளை அழைத்துவரும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தாற் போதும், தகடு பளிச்சிடும். அமுங்கிப்போன வில்லைக் குறட்டால் மெல்ல இழுத்து நிமிர்த்துங்கள். வில்லுக்கும் பற்றரிக்கும் இடையில் வெள்ளிக் கடதாசியை மடித்து வைப்பது அவசரத்துக்கு உதவும், நிரந்தரத் தீர்வல்ல. அது நழுவி இரண்டு முனைகளைத் தொட்டுவிட்டால் பற்றரி சூடேறும்.

எல்லாம் பளபளப்பாக இருந்தும் மின்சாரம் வரவில்லை என்றால், காரம் தகட்டின் பின்னால் பற்றாசு (சோல்டர்) வைத்த வயருக்குள்ளே ஏறியிருக்கிறது என்று பொருள். வயரின் வெளியுறை நன்றாக இருக்கும், உள்ளே செப்புக் கம்பி கறுத்தோ பச்சையாகவோ உதிர்ந்திருக்கும். அந்த வயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதிய துண்டு வைக்கவேண்டும். அதற்கு உறையைப் பிரிக்கவேண்டி வரும் என்பதால் இப்போதைக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ஜரோடு வந்த பொம்மைகள்

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். அங்கிருந்து வந்த சேர்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்தை வாசியாமல் ஒருபோதும் சுவரில் குத்தாதீர்கள். '100-240' என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். '120' என்று மட்டும் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, அதே வோல்ற்றளவும் அதே முனைத்திசையும் குறைந்தபட்சம் அதே அம்பியர் அளவும் வெளியிடும் உள்ளூர்ச் சேர்ஜரை வாங்குங்கள். ஏற்கனவே குத்தி, சேர்ஜர் எரிந்த மணம் வந்திருந்தாலும் மனம் தளரவேண்டாம். பலவேளை சேர்ஜர் தான் எரிந்து பொம்மையைக் காப்பாற்றியிருக்கும்.

உள்ளே லிதியம் பற்றரி இருந்து, அது ஒரு வருடம் அலுமாரியில் கிடந்திருந்தால் தன் மின்னை முற்றாக இழந்திருக்கலாம். ஓரிரு மணித்தியாலம் மின்னேற்றியும் உயிர்க்குறி இல்லையென்றால் பற்றரி மாற்றப்படவேண்டும். ஊதிப் புடைத்த லிதியம் பற்றரியைக் குத்தவோ அழுத்தவோ மறுபடி மின்னேற்றவோ வேண்டாம்.

மீளமைத்தல்

அடிப்பக்கத்தில் ஊசித் துளையோ சிறு பொத்தானோ இருந்தால் கடதாசிக் கவ்வியின் முனையால் அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பற்றரிகளைக் கழற்றி, 10 நிமிடம் விட்டு, அந்த இடைவெளியில் ஆளி இருந்தால் அதை ஓரிரு முறை போட்டு அணையுங்கள். போர்ட்டிலுள்ள கொள்ளளவியில் மிஞ்சியிருக்கும் மின் அதனால் தீரும். சில பொம்மைகள் மீளமைத்ததும் பெயரையும் பழகிய சொற்களையும் மறந்துவிடும். பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உணரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தல்

மின்சாரம் சரி, மீளமைத்தும் ஆயிற்று, ஆனால் தொட்டால் சிரிப்பதில்லை என்றால் உணரிகளுக்கு வாருங்கள். வயிறு, முதுகு, வாய் என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாக அழுத்தி, எதற்குப் பதில் வருகிறது என்று குறியுங்கள். ஒரேயோர் இடம் மட்டும் ஊமையாக இருந்தால் அந்த இடத்துச் சுவிச்சின் இலைத்தகடு வளைந்திருக்கிறது, அல்லது அதன் வயர் அறுந்திருக்கிறது. ஒருவரும் தொடாமலே இடைவிடாது சிரித்துக்கொண்டிருந்தால் அதற்கு மறுதலை: ஒரு சுவிச்சு அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழரசமோ பாயாசமோ ஊற்றப்பட்ட பொம்மைகளில் இதுதான் வழமை.

கண்களுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடிபோல் இருக்கும் இடத்தில் ஒளியுணரி இருக்கலாம். அதன்மேல் எண்ணெய்க் கையும் தூசியும் படிந்திருந்தால் பொம்மைக்கு எந்நேரமும் இரவுதான். ஈரத் துணியால் துடைத்து, ரோச் லைற்றை அடித்துப் பாருங்கள். செங்கீழ்க் கதிர் வெளிவருகிறதா என்பதைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவால் பெரும்பாலும் காணலாம், கண்ணுக்குத் தெரியாத கதிர் திரையில் ஊதாப் புள்ளியாக மினுங்கும். சரிவுணரி என்பது அநேகமாக ஒரு சிறு கூட்டுக்குள் உருளும் உலோகக் குண்டு. பொம்மையைக் காதருகே வைத்து ஆட்டினால் மெல்லிய 'கிலுக்' சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லை என்றால் பக்கவாட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், ஒட்டிய குண்டு விடுபடுவதுண்டு.

உறையைப் பிரித்தல்

இதுவரை வந்தும் பலனில்லை என்றாற் பிரிக்கலாம். கடையில் வாங்கி உத்தரவாதக் காலம் முடியாத பொம்மையை மட்டும் பிரிக்காமல் பற்றுச்சீட்டோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிள்ளை பார்க்கும்போது உறையைப் பிரிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வதுண்டு. தான் கட்டிப்பிடித்து நித்திரை கொண்ட ஒன்றின் தோலை மாமா உரிக்கிறார் என்பதுதான் அந்தக் கண்களுக்குத் தெரியும். பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் செய்யுங்கள்.

பற்றரிகளைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரியுங்கள். விழும் திருகாணி துணியில் நிற்கும். உரோம உறை பெரும்பாலும் அடிப்பாகத்தில் பிளாஸ்ரிக் நாடாவாலோ தையலாலோ பசையாலோ பிடிக்கப்பட்டிருக்கும். தையலை ஒன்றுவிட்டொன்று வெட்டாமல், ஓர் இடத்தில் வெட்டி நூலை உருவி எடுங்கள். உறையை வாழைப்பழத் தோலைப்போல் கீழிருந்து மேலே மடித்துக்கொண்டு போகவேண்டும். காதுக்கு வந்ததும் நிறுத்துங்கள்: காதின் உள்ளே பிளாஸ்ரிக் கரம் தைக்கப்பட்டிருக்கும், இழுத்தால் முறியும். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியால் படமெடுங்கள். திருகாணிகள் நீளம் மாறியிருக்கும். அட்டையொன்றில் பொம்மையின் உருவத்தை வரைந்து, எந்த இடத்தில் கழற்றியதோ அந்த இடத்தில் குத்திவைத்தால் மாறாது.

உறையைக் கழற்றியிருக்கும் வேளையில் குளிர்நீரில் சவர்க்காரம் போட்டுக் கையால் அலசி நிழலில் காயவையுங்கள். வெந்நீரும் இஸ்திரிக்கைப் பெட்டியும் அந்தச் செயற்கை உரோமத்தை உருக்கிவிடும். உள்ளே எறும்புக் கூடோ கரப்பொத்தான் எச்சமோ இருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். பிஸ்கற் துகள் விழுந்த பொம்மைகளில் இது சாதாரணம்.

பற்சில்லும் மோட்டரும்

மோட்டர் 'கிர்ர்' என்று வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்டும் உறுப்புகள் அசையவில்லை என்றால், எதைத் தேடவேண்டும் என்று நேராகச் சொல்லிவிடலாம். மோட்டரின் தண்டு முனையில், பச்சைப் பயறு அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் பற்சில்லு இறுக்கமாகக் குத்தப்பட்டிருக்கும். அது எந்நேரமும் தண்டால் உள்ளிருந்து விரிக்கப்பட்ட நிலையிலேயே இருப்பதால், சில வருடத்தில் இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் வெடித்துவிடும். வெறுங் கண்ணுக்கு அது தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் ஒரு மயிரிழைக் கோடு கறுப்பாகத் தெரியும். தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சில்லை விரலால் திருப்புங்கள். தண்டு நிற்கச் சில்லு மட்டும் வழுக்கினால் சந்தேகமே வேண்டாம்.

பசை வைத்து ஒட்ட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். விரைவாக ஒட்டும் பசை வெடிப்பில் நிற்காமல் தண்டின் வழியே வழிந்து மோட்டரின் தாங்கியைப் பிடித்துக்கொண்டால் மோட்டரும் போய்விடும். அதேயெண்ணிக்கைப் பற்களும் அதேயளவுப் பற்களும் உள்ள வேறொரு சில்லைத் தேடுவதே சரியான வழி. பழுதான திருவிழாக் காரிலிருந்து எடுக்கலாம், அவற்றில் வரும் சிறு மோட்டர்களின் தண்டு பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் விட்டமே. பற்களை எண்ணி, அடுத்த சில்லோடு பொருத்திக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இறுகாமல், எங்கும் தளராமல் ஓடவேண்டும். பின்பு தண்டின் மறுமுனையைக் கட்டியான ஒன்றின்மேல் தாங்கிக்கொண்டு நேராக அழுத்திக் குத்துங்கள். சுத்தியலால் தட்டவேண்டாம்.

மோட்டரே சுற்றவில்லை என்றால் அதன் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, ஒரு ஏஏ பற்றரியின் இரு முனையையும் மோட்டரின் இரு முனைக்குத் தொடுங்கள். சுற்றினால் மோட்டர் நல்லது, பழுது போர்ட்டில் அல்லது வயரில். சுற்றவில்லை என்றால் முதலில் தண்டில் உரோமமோ நூலோ பிள்ளையின் தலைமயிரோ சுற்றியிருக்கிறதா என்று பார்த்து, ஊசியால் எடுத்துவிட்டு மறுபடி தொடுங்கள்.

பற்சில்லுகளுக்குத் தேங்காயெண்ணெய் விடுவதை நிறுத்தவேண்டும். விட்ட அன்று வழுவழுவென்று ஓடும். மார்கழி, தை மாதக் காலைக் குளிரில் போத்தலில் உறையும் அதே எண்ணெய் சில்லுகளுக்கு இடையிலும் உறைந்து, தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெயும் சில பிளாஸ்ரிக்குகளைப் பழுதாக்கும். சிலிக்கன் கிறீசை ஈர்க்கு நுனியில் தொட்டு, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பொட்டு வைத்தாற் போதும்.

வயர், ஸ்பீக்கர், போர்ட்

அசையும் இடங்களில் ஓடும் வயர்களைச் சந்தேகியுங்கள். காதின் கீழும் வாயின் பின்னாலும் அவை ஆயிரக்கணக்கான தடவை மடிந்து நிமிர்ந்து பற்றாசு வைத்த இடத்திலேயே அறும். மீண்டும் பற்றவைக்கும்போது பிளாஸ்ரிக் உருகாதபடி 2 அல்லது 3 விநாடிக்குமேல் சோல்டரிங் அயனை வைத்திருக்கவேண்டாம். ஸ்பீக்கரைச் சோதிக்க அதன் இரு முனைக்கும் ஏஏ பற்றரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டக்' என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடிருக்கிறது.

போர்ட்டின் நடுவே கறுப்புப் பசைக் குமிழ் ஒன்று தெரியும். பொம்மையின் மூளையாகிய சிப் அதற்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கவோ மாற்றவோ வழியில்லை. பற்றரி, தொடுமுனை, வயர், மோட்டர், உணரி அனைத்தும் சரியென்று கண்டபின்னும் குமிழ் பேசாதிருந்தால் அந்தப் பொம்மையை மேலும் வருத்தவேண்டாம். மோட்டரையும் பற்சில்லுகளையும் ஸ்பீக்கரையும் கழற்றிப் பெயரெழுதி ஒரு டப்பாவிற் போட்டுவையுங்கள், அடுத்த பிள்ளையின் பொம்மைக்கு உதவும். பிள்ளை உறையை விடமாட்டேன் என்றால் பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுங்கள். நான் அப்படித் தைத்துக் கொடுத்த ஒன்று இன்னமும் ஒரு கட்டிலில் படுத்திருக்கிறது.

மூடும் முன்னும் மூடிய பின்னும்

உறையைப் போடுவதற்கு முன் பற்றரி போட்டு 10 நிமிடம் ஓடவிடுங்கள். உறையோடு மூடியபின் பழுது தெரிந்தால் எல்லா வேலையும் இரண்டாம் முறை. இமை, காது, வாய் தம் இடத்துக்குத் திரும்புகின்றனவா என்றும், மோட்டர் சூடேறுகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். வெட்டிய பிளாஸ்ரிக் நாடாவுக்குப் பதில் புதியது போட்டு, கூரான வால்முனையை ஒட்ட நறுக்குங்கள்; பிள்ளையின் கையைக் கிழிக்கக்கூடாது.

2012 இல் வந்த ஃபர்பி போன்ற சில பொம்மைகளுக்கு அணைக்கும் ஆளியே இல்லை, அவை நித்திரையிலும் சிறிதளவு மின்னை இழுத்துக்கொண்டிருக்கும். பிள்ளை இரண்டு கிழமை தொடவில்லை என்றால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள், முக்கியமாக ஐப்பசி மழைக்கு முன். ஓய்ந்த பற்றரிகளை வளவில் எறியவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். எங்கள் நிலத்தின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல், மேலே சிந்துவது கிணற்றுக்குப் போய்ச் சேரும். மூடிய போத்தலொன்றில் சேர்த்துவைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்திற் கொடுங்கள். பற்றரி மூடியின் உட்பக்கத்தில் ஒரு சிறு கடதாசியை ஒட்டி, பற்றரி போட்ட திகதியைப் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்தமுறை யாராவது "பற்றரி புதுசுதான்" என்று சொன்னால், மூடியைத் திறந்து அதை முதலில் வாசிக்கலாம்.